அல்கலி லேக்: குடியும் அதன் வேரும்

கனடா நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் உட்பகுதியில், வில்லியம்ஸ் லேக் நகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூர் உள்ளது. செக்வெபெம் எனப்படும் பூர்வகுடி மக்களின் ஒரு கிளையினர் அங்கு வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் அவ்வூரின் பெயர் எஸ்கெட். அங்கே வெண்மையாய்த் தெரியும் உவர்மண்ணைக் கண்டு வெள்ளையர் அதற்கு 'அல்கலி லேக்' எனப் பெயரிட்டனர். 1960-களில் சுற்றுவட்டாரத்தார் அப்பெயரையும் மாற்றி, 'ஆல்கஹால் லேக்' என்று கேலியாக அழைத்தனர். காரணம் இல்லாமலில்லை. சில நூறு பேரே வாழ்ந்த அவ்வூரில், வளர்ந்தவர்களுள் குடியாதவர் எவருமில்லை என்று சொல்லத்தக்க நிலை இருந்தது. பிள்ளைகள் பசியோடு பள்ளி சென்றனர். பாட்டிமார் வீட்டில் ஒதுங்கினர். பருவம் வந்ததும் அவர்களும் போத்தலைக் கையிலெடுத்தனர்.

இந்நிலைக்கு அக்கம்பக்கத்து வெள்ளையரிடம் ஆயத்தமான விளக்கம் ஒன்றிருந்தது. பூர்வகுடியினரின் இரத்தமே அப்படிப்பட்டது, மதுவைத் தாங்கும் ஆற்றல் அவர்கள் உடலுக்குப் பிறவியிலேயே இல்லை என்பதே அது. தோல் வணிகர் காலந்தொட்டு வந்த இக்கதையை அரசு அதிகாரிகளும் நம்பினர், சட்டமும் நம்பியது. பூர்வகுடியினருக்கு மது விற்பதைத் தடைசெய்த விதிகள் 1950-களிலும் 60-களிலுந்தாம் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. ஒளிந்து குடிப்பவன் அவசரமாகக் குடிப்பான். அளவறிந்து குடிக்கும் வழக்கம் அவனிடம் உருவாகாது. தடைச்சட்டம் இவ்வகையில் செய்த கேட்டினை இரத்தத்தின் மேல் பழிபோட்டவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த மனிதர்கள் சிறுவர்களாய் இருந்தபோது அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வியே அது. அக்கேள்வியின் வரலாற்றையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

வில்லியம்ஸ் லேக்கிற்கு அருகே 1891-ஆம் ஆண்டில் புனித சூசையப்பர் உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. 1981 வரை, தொண்ணூறு ஆண்டுகள் அது நடந்தது. கனடா முழுவதும் அரசுப் பணத்தில் இயங்கிய இத்தகைய பள்ளிகள் 139 என்று பிற்காலத்தில் கணக்கிடப்பட்டது. ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் அவற்றின் வழியே சென்றிருக்கின்றனர். பிள்ளையைத் தாய்தந்தையரிடமிருந்தும் மொழியிலிருந்தும் வழக்கங்களிலிருந்தும் பிரித்தாலன்றி அவனை 'நாகரிகன்' ஆக்க இயலாது என்பதே அவற்றின் கொள்கை. முதல் தலைமை அமைச்சர் ஜான் ஏ. மக்டொனால்டு 1883-இல் நாடாளுமன்றத்திலேயே இக்கருத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1920-இல் வருகை சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டனைக்கு உரியவராயினர்.

இப்பள்ளிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை கத்தோலிக்கத் துறவற சபைகளின் பொறுப்பில் இருந்தன. நாம் எடுத்துக்கொண்ட புனித சூசையப்பர் பள்ளியை நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள் சபையினர். இச்சபை நம் வாசகருக்குப் புதியதன்று. ஆயர் யூஜின் தெ மசெனோ நிறுவிய இச்சபை 1841-இல் கனடாவில் கால்பதித்தது. 1847-இல் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் ஆலயங்களிலும் கல்விக்கூடங்களிலும் இச்சபைக் குருக்களின் உழைப்பு நன்றியோடு நினைக்கப்படுகின்றது. அந்நன்றி பொய்யன்று. எனினும் ஒரே சபை ஓரிடத்தில் விளக்கேற்றியும் மற்றோரிடத்தில் இருள் சேர்த்தும் இருந்திருக்கின்றது. இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. கனடாவில் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தெடுக்கும் அரசின் திட்டத்துக்குத் துறவியர் தம் கைகளைக் கொடுத்தனர். இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

1902-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம், டங்கன் ஸ்டிக்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவன் அப்பள்ளியிலிருந்து ஓடிப்போனான். கொடும்பனிக் காலம். வழியிலேயே குளிரில் விறைத்து இறந்தான். அவன் அல்கலி லேக்கைச் சேர்ந்தவன். சவ விசாரணையில் மற்றப் பிள்ளைகள் அங்கே கிடைத்த கெட்ட உணவைப் பற்றியும், வாங்கிய அடிகளைப் பற்றியும் சாட்சி சொன்னார்கள். அச்சாட்சியங்கள் தாளில் ஏறின. பள்ளி முன்போலவே நடந்தது. 1920-இல் அதே பள்ளியில் ஒன்பது சிறுவர்கள் ஒன்றாகக் கூடி நச்சுச்செடி தின்றனர். எட்டுப் பேர் பிழைத்தனர், ஒருவன் மாண்டான். கள்ளும் சாராயமும் எட்டாத வயதில், துன்பத்திலிருந்து தப்புவதற்குப் பிள்ளைகள் கண்ட வழிகள் இவை: ஒன்று ஓடுதல், மற்றொன்று நஞ்சு. வயது வந்து பள்ளியைவிட்டு வெளியே வந்தவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று கிடைத்தது. அது கடையிலேயே விற்றது.

இதே துறவியர் அதே மக்களிடையே மதுவிலக்குச் சங்கங்களையும் நிறுவியிருந்தனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, மது தொடுவதில்லை என்று கோயிலில் உறுதிமொழி எடுக்கச் செய்து, மீறியவருக்கு ஊர்நடுவே தண்டனை விதிக்கும் முறையை அவர்கள் ஏற்படுத்தினார்கள். குடியைப் பாவமென்று கண்டதில் அவர்கள் உண்மையாகவே நடந்துகொண்டனர் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் பாவத்தை எண்ணியவர் காயத்தை எண்ணவில்லை. அக்காயத்துக்குத் தங்கள் பள்ளியே காரணமாய் இருக்கக்கூடும் என்பது அவர்கள் நினைவிற்கு எட்டாத ஒன்றாய் இருந்திருக்க வேண்டும்.

இனி 1972-க்கு வருவோம். அல்கலி லேக்கில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டி வீட்டில் இருந்தாள். அழைத்துப் போக வந்த தாயிடம், நீங்களும் அப்பாவும் மிகுதியாகக் குடிக்கிறீர்கள், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தத் தாயின் பெயர் பிலிஸ் செல்சி. அன்றோடு அவர் குடியை நிறுத்தினார். சில நாள்களில் கணவர் ஆண்டி செல்சியும் நிறுத்தினார். ஊரில் குடியாதவர் இவ்விருவர் மட்டுமே என்ற நிலை கொஞ்சகாலம் நீடித்தது. பின்னர் ஆண்டி ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்தவை ஒரு நாவலுக்குப் போதும். கள்ளச் சாராயம் விற்றவர்களைக் குறியிட்ட பணத்தாள்களைக் கொண்டு காவல்துறையிடம் பிடித்துக் கொடுத்தார் தலைவர். பிடிபட்டவர்களுள் நெருங்கிய உறவினரும் இருந்தனர். அரசின் உதவித்தொகை சாராயக் கடைக்குப் போகாதிருக்க, பணத்திற்குப் பதிலாக உணவுக்கும் உடைக்குமான சீட்டுகள் வழங்கப்பட்டன. குற்றம் செய்து பிடிபட்ட குடிகாரர்களுக்குச் சிறையா, சிகிச்சையா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. சிகிச்சைக்குச் சென்றவர் திரும்பி வருமுன் அவரது வீட்டை அயலார் சேர்ந்து பழுதுபார்த்து வண்ணம் பூசி வைத்தனர். வாரந்தோறும் ஏ.ஏ. குழுக்களின் முறையில் கூட்டங்கள் நடந்தன. அவற்றைத் தொடங்க உதவியவர்களுள் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த எட் லிஞ்ச் என்னும் அருட்சகோதரர் ஒருவரும் இருந்தார் என்பதை நாம் விட்டுவிடுதல் நேர்மையன்று. 1980-களின் நடுப்பகுதியில் ஊராருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குடியை விட்டிருந்தனர் என்று கணக்கிடப்பட்டது. இக்கதையை 'தி ஆனர் ஆஃப் ஆல்' என்னும் திரைப்படமாக எடுத்தபோது, ஊர்மக்கள் தங்கள் பாத்திரங்களில் தாங்களே நடித்தனர். வட அமெரிக்காவின் பல பூர்வகுடி ஊர்களில் அப்படம் திரையிடப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு நல்ல மதுவிலக்குப் பிரசாரமாக மட்டுமே நின்றிருக்கும். குடி வடிந்த பின்னரே அடியில் கிடந்தது தெரிந்தது. தெளிந்த மனத்தோடு உறங்கச் சென்றவர்களைப் பழைய நினைவுகள் எழுப்பின. கூட்டங்களில் பேச எழுந்தவர்கள் சாராயத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுப் பள்ளியைப் பற்றிப் பேசலாயினர். அடி, பசி, தாய்மொழி பேசியதற்குத் தண்டனை. இவற்றினும் மேலாக, இரவில் விடுதியில் நேர்ந்த பாலியல் கொடுமைகள். தொடப்பட்டவர்களுள் சிலர் பின்னாளில் தம் வீட்டுப் பிள்ளைகளைத் தொட்டவர்களாகவும் இருந்தனர் என்ற கசப்பான உண்மையும் வெளிவந்தது. அன்போடு வளர்க்கப்படாதவருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாமற் போயிற்று. பள்ளியின் சுவருக்குள் நிகழ்ந்தது இவ்வாறு பள்ளியைக் காணாத பிள்ளைகளின் வீடுவரை வந்து சேர்ந்தது. 1972-இல் பாட்டி வீட்டை விட்டு வர மறுத்த சிறுமி அறிந்தோ அறியாமலோ இச்சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்து நிறுத்தினாள். செல்சி இணையர் இருவரும் அந்த உறைவிடப் பள்ளியில் பயின்றவர்களே.

ஒரு மலையோரத்துச் சிற்றூரார் தம் அனுபவத்தால் கண்டதனை மருத்துவ உலகம் முற்றிலும் வேறொரு வழியாக வந்து கண்டது. அவ்வழியையும் சற்றுப் பார்ப்போம். 1980-களில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்ட்டே என்னும் மருத்துவ நிறுவனத்தில், வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடற்பருமனுக்குச் சிகிச்சையளித்து வந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போவது அவருக்குப் புதிராயிருந்தது. அவர்களை உட்கார்த்தி வைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்டார். பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது தெரியவந்தது. நாம் நோயென்று கருதுவது அவர்களுக்கு மருந்தாயிருக்கின்றது என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. பருத்த உடல் சிலருக்கு ஒரு கவசம். மற்றவருக்குச் சிகரெட்டும் மதுவும் ஊசியும் அவ்வாறே.

ராபர்ட் ஆண்டா என்னும் மற்றொரு மருத்துவரோடு சேர்ந்து, 1995-க்கும் 1997-க்கும் இடையே பதினேழாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் அவர் இதனை வினவினார். குழந்தைப் பருவத்தில் அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், தாய் அடிபடக் காணுதல் முதலிய இன்னல்களுள் எத்தனை நேர்ந்தன என்பதே கேள்வி. முதற்கட்ட முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. நான்கோ அதற்கு மேலோ நேர்ந்தவர்கள் குடிநோய், போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றிற்கு ஆளாகும் வாய்ப்பு, ஒன்றும் நேராதவர்களைக் காட்டிலும் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. இவ்வாய்வின் தொடர்ச்சி 2003-இல் வெளியாயிற்று. ஒவ்வோர் இன்னலும், பதினான்கு வயதுக்குள்ளேயே போதைப்பொருளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை இரண்டு முதல் நான்கு மடங்காக்கியது என்றது அது. ஐந்தும் அதற்கு மேலும் நேர்ந்தவர்கள் போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு ஏழு முதல் பத்து மடங்கு.

வரலாற்றில் நாட்டமுடைய நமக்கு அவ்வாய்வில் மற்றொரு செய்தி இதைவிட முக்கியமாகப் படுகின்றது. 1900-ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் சென்று, நான்கு தலைமுறைகளாகப் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் தனித்தனியே பிரித்துப் பார்த்தனர். நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த போதை வேறு, பிற்காலத்தில் கிடைத்தது வேறு, சட்டம் மாறியது, நாகரிகம் மாறியது. ஆனால் பிள்ளைப்பருவக் காயத்திற்கும் போதைக்கும் உள்ள தொடர்பு நான்கு தலைமுறையிலும் மாறாமல் நின்றது.

மேலும், வினவப்பட்டவர்கள் யார்? பெரும்பான்மையோர் வெள்ளையர், நடுத்தர வகுப்பினர், கல்லூரி கண்டவர்கள், மருத்துவக் காப்பீடு உடையவர்கள். அல்கலி லேக்கின் குடிக்குப் பூர்வகுடி இரத்தத்தைக் காரணம் காட்டியவர்களின் சொந்த உறவினர் என்றே சொல்லலாம். அவர்களுள்ளும் அடிபட்ட பிள்ளையே பின்னாளில் குடித்தது.

இளம்பருவத்தினரை நேரடியாகக் கேட்ட ஆய்வும் உண்டு. 1995-இல் டீன் கில்பாட்ரிக் குழுவினர், அமெரிக்கா எங்கும் 12 முதல் 17 வயதுவரையுள்ள 4,023 பேரைத் தொலைபேசி வாயிலாகப் பேட்டி கண்டனர். அடிக்கும் பாலியல் தாக்குதலுக்கும் ஆளானவர்களும், வன்முறையைக் கண்ணால் கண்டவர்களுமே மதுவிலும் கஞ்சாவிலும் கடும் போதைப்பொருள்களிலும் சிக்கும் வாய்ப்பு மிகுந்தவர்களாயிருந்தனர். இதன் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. ஓயாத அச்சத்தில் வளரும் பிள்ளையின் உடல் ஓய்வை அறியாது. உறக்கம் வராது, சிறு ஓசைக்கும் நெஞ்சு துடிக்கும். இத்தகைய பிள்ளை பதின்மூன்று வயதில் முதன்முறையாகக் குடிக்கும்போது காண்பது களிப்பன்று. அதுவரை அறியாத அமைதி. ஆசையை அடக்கி ஆராயும் மூளைப்பகுதி முதிர்வதற்கோ இருபத்தைந்து வயது வரையில் ஆகின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. பெரியவர்களை அழைத்துப் பழையதைக் கேட்கும் ஆய்வில் நினைவு பிழைபடலாம். இதனாலேயே கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்னும் அறிஞர் மறுதிசையில் தொடங்கினார். 1967 முதல் 1971 வரை நீதிமன்ற ஏடுகளில் பதிவான, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 சிறாரை எடுத்துக்கொண்டு, அத்தகைய பதிவில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டு, அவர்கள் வளர்ந்த பின்னர் தேடிக் கண்டார். பெண்களிடம் பிற்காலக் குடிநோயோடு தொடர்பு தெரிந்தது. ஆண்களிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. காயம்பட்ட பிள்ளை எல்லாம் குடிநோயாளி ஆவதில்லை. குடிநோயாளி எல்லாரும் காயம்பட்டவரும் அல்லர். ஊழ்வினை போல் இதனைப் பேசுவோர், இரத்தத்தைக் குறைகூறிய பழைய கூட்டத்தாரின் தவற்றையே வேறு சொற்களில் செய்கின்றனர்.

கனடாவில் இப்பேச்சு ஊர்க்கூட்டங்களைக் கடந்து நாட்டின் செவிக்கு எட்டியது 1990-இல். பூர்வகுடித் தலைவர்களுள் ஒருவரான பில் ஃபான்டெய்ன், உறைவிடப் பள்ளியில் தமக்கு நேர்ந்த கொடுமையை அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு ஜூலையில், லாக் செயின்ட் ஆன் திருத்தலத்தில் அமலமரித் தியாகிகள் சபை மன்னிப்புக் கேட்டது. 2008-இல் தலைமை அமைச்சர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் அறிக்கை தந்தது. பள்ளிகளில் மாண்ட பிள்ளைகளுள் குறைந்தது 3,200 பேரைப் பதிவேடுகளில் கண்டதாக அது தெரிவித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25-ஆம் நாள் ஆல்பர்ட்டா மாநிலத்து மஸ்குவாச்சிஸ் ஊருக்கே சென்று மன்னிப்பு வேண்டினார்.

இதற்கிடையே வளர்ந்துவிட்ட தலைமுறை ஒன்றுண்டு. வன்கூவர், பிரின்ஸ் ஜார்ஜ் நகரங்களில் போதைப்பொருள் பயன்படுத்தும் பூர்வகுடி இளையோரிடையே 2003-இல் தொடங்கிய சீடர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரிந்தது. உறைவிடப் பள்ளியில் பயின்ற தாயோ தந்தையோ உடையவர்கள் அவர்களுள் பலர்.

அல்கலி லேக்கில் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகின்றோம். புனித சூசையப்பர் பள்ளியின் முதல்வராக 1960-களில் இருந்து, பின்னர் பிரின்ஸ் ஜார்ஜ் மறைமாவட்ட ஆயராக உயர்ந்த ஹியூபர்ட் ஓ'கானர், இளம்பெண்களுக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக 1996-இல் தண்டிக்கப்பட்டார். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்து, மற்றொன்றில் மறு விசாரணைக்கு ஆணையிட்டது. மீண்டும் சாட்சிக்கூண்டில் ஏறுவதற்குப் பதிலாக வேறு வழி ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம், ஒரு காலத்தில் குடிக்குப் பேர்போன அதே ஊரில், பூர்வகுடி மரபின்படி குணமாக்கும் வட்டம் ஒன்று கூடியது. முன்னாள் ஆயர் அவ்வட்டத்தில் வந்து அமர்ந்தார். பாதிக்கப்பட்ட பெண் பேசினார், ஊரார் பேசினர், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின் மன்னிப்புக் கேட்டார். அவர் கூறிய சொற்கள் குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்வன அல்ல என்று குறைகூறியோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். டங்கன் ஸ்டிக்ஸின் சவ விசாரணை முடிந்து அப்போது தொண்ணூற்றாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.